சொன்னபடி செய்தால் கேட்க வேண்டும்: ஒரு செய்முறைத் தாளின் திறனாய்வு



இந்தப் பகுதியில் வழக்கமாக ஒரு நாவலையோ சிறுகதையையோ கவிதையையோ எடுத்துத் திறனாய்வு செய்வோம். இந்த முறை நான் எடுத்திருப்பது இலக்கியம் இல்லை. இரண்டே பக்கமுள்ள ஒரு செய்முறைத் தாள். ‘மென்பொருள் வானொலியைக் கணினியோடு இணைக்கும் முறை’ என்பது அதன் தலைப்பு. எங்கள் இடைநிலைப்பள்ளித் தமிழ்க் கழக நடவடிக்கைக்காகத் தயாரித்தது. எழுதியவர் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

சொந்த எழுத்தையே ஏன் குறை சொல்ல வேண்டும்? காரணம் உண்டு. ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் படிவம் 4 மாணவன் ஒருவன் அந்தத் தாளையும் கருவியையும் வீட்டுக்குக் கொண்டுபோய், அண்ணனுடைய பழைய மடிக்கணினியில் சொன்னபடியே செய்தான். வானொலி கேட்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, நன்றாக இருந்த மௌஸும் வேலை செய்யாமல் போய்விட்டது. மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “டீச்சர், இத மலாய்ல குடுத்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு உறுத்தியது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுப்பதா விடுவதா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அறிவியலை மலாயில் படிக்கிறவனுக்கு, பள்ளி முடிந்தபின் நடக்கும் தமிழ் வகுப்பு மனசுக்குப் பிடித்த பாடமாக இருக்கலாம். ஆனால் ஒரு கருவியைக் கையில் எடுத்தால் அதை ஓட வைக்கவும் இந்த மொழி உதவும் என்று அவன் எங்கே பார்க்கப் போகிறான்?

ஆகவே கேள்வி இதுதான்: தமிழில் எழுதியதால் அவனுக்குப் புரியவில்லையா, தவறாக எழுதியதால் புரியவில்லையா? விடை தேடுவதற்காகத்தான் என் தாளை நானே மேசையில் போட்டு அறுத்துப் பார்க்கிறேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம்

கருவி தெரியாமல் தாளைத் திறனாய்வு செய்ய முடியாது. தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த பழைய வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மின்னல் எப்.எம்., ‘வானொலி 6’ என்ற பெயரில் ஒலித்த காலம். குமிழைத் திருகினால் முள் நகரும். ஒரு நிலையம் போய் இன்னொன்று வரும். பெட்டிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாகம் உண்டு. பல அலைகளில் ஒன்றைப் பிரித்தெடுக்க ஒரு பாகம், அந்த அலையிலிருந்து ஒலியைப் பிரிக்க ஒரு பாகம், அதைப் பெரிதாக்க ஒரு பாகம்.

மென்பொருள் வானொலியில் இந்தப் பாகங்களில் பெரும்பகுதி இருக்காது. வரும் அலையைப் பிடித்து எண்களாக மாற்றுவதோடு கருவியின் வேலை முடிந்துவிடும். நிலையத்தைப் பிரிப்பது, ஒலியை எடுப்பது எல்லாமே கணினியில் ஓடும் மென்பொருளின் கணக்கு. இந்த வகைக்கு ‘மென்பொருள் வானொலி’ என்னும் பொருளில் உள்ள பெயரை 1990களின் தொடக்கத்தில் பரப்பியவர் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியாளர். அப்போது அது விலை கூடிய ஆய்வுக்கூடச் சமாச்சாரம்.

நம் பிள்ளைகளின் கைக்கு அது வந்தது 2012க்குப் பிறகு. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு என்ற சில்லைக் கொண்டு, கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விரலி அளவில் மலிவான கருவிகள் விற்றன. தொலைக்காட்சிப் படமாக மாற்றும் முன் உள்ள பச்சை எண்களை அப்படியே கணினிக்கு அனுப்ப அந்தச் சில்லால் முடியும் என்று ஆர்வலர்கள் அந்த ஆண்டு கண்டுபிடித்தார்கள். ‘ஆஸ்மோகாம்’ என்ற திறமூலத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் அதற்கான மென்பொருளை எழுதினார்கள். அன்றிலிருந்து ‘ஆர்டிஎல்-எஸ்டிஆர்’ என்பது இந்த வகைக் கருவிக்கே பெயராகிவிட்டது. அந்தச் சில்லு புரிந்துகொள்வது பழைய இலக்கத் தொலைக்காட்சி முறையை. நம் நாட்டு மைடிவி அதற்கு அடுத்த தலைமுறை முறையில் ஒளிபரப்புகிறது. எனவே தொலைக்காட்சி பார்க்க இங்கே அது உதவாது. வானொலிக்கு நன்றாகவே உதவும்.

கொஞ்சம் கணக்கு. ஆர்820டி என்ற அலைதேர் சில்லு உள்ள கருவி சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். பண்பலை ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆகவே அதற்குள் அடங்கும். கருவி விநாடிக்கு 24 லட்சம் முறை அலையை அளக்கும்படி வைத்தால், ஒவ்வொரு முறையும் இரண்டு எண்கள், ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். அதாவது விநாடிக்கு 48 லட்சம் பைட்டுகள் யுஎஸ்பி வழியாகக் கணினிக்குள் பாய்கின்றன. அப்படி வைக்கும்போது ஒரே சமயத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் திரையில் தெரியும். பண்பலைப் பட்டை முழுவதும் 20.5 மெகாஹெர்ட்ஸ், நாம் பார்ப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு மாதிரி. நிலையம் இருக்கும் இடத்தில் கோடு மலைபோல் எழும்பும். முன்பு காதால் மட்டும் தேடியதை இப்போது கண்ணாலும் தேடலாம். வகுப்பில் மாணவர்கள் வாய்பிளந்து பார்த்தது இதைத்தான்.

தாளில் உள்ள குற்றங்கள்

குற்றம் காண ஓர் அளவுகோல் வேண்டும். வெளியே தேட வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். நம்மில் பலர் கல்லூரியில் மனப்பாடம் செய்ததோடு அதை விட்டுவிட்டோம். அதை ஒரு யுஎஸ்பி கருவியின் செய்முறைத் தாளில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

ஒன்று, வெற்றெனத் தொடுத்தல். பொருளில்லாத சொற்களை அடுக்குவது. என் தாளின் முதல் வாக்கியம்: “அறிவியலும் தொழில்நுட்பமும் விண்ணை முட்டும் இந்நவீன யுகத்தில் வானொலியின் பங்கு அளப்பரியது என்றால் அது மிகையாகாது.” மாணவர் கட்டுரைகளில் இந்த மாதிரி முன்னுரையைப் பார்த்துச் சிவப்பு மையில் கோடு போடுகிறவள் நான். என் தாளில் அது அரைப்பக்கம் ஓடுகிறது! கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த அரைப்பக்கத்தில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

இரண்டு, மாறுகொளக் கூறல். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. மூன்றாம் படியில் “கருவியைக் கணினியில் செருகவும்” என்கிறேன். ஐந்தாம் படியில் “செருகுவதற்கு முன் ஏரியலைப் பொருத்தியிருக்க வேண்டும்” என்கிறேன். படிக்கிறவன் வரிசையாகத்தானே செய்வான்? ஐந்தாம் படிக்கு வந்தபின் மூன்றாம் படிக்குத் திரும்பி ஓட வேண்டுமா?

மூன்று, குன்றக் கூறல். தேவையானதைச் சொல்லாமல் விடுவது. மௌஸைக் கொன்ற குற்றம் இதுதான். விண்டோஸ் இந்தக் கருவியைத் தொலைக்காட்சிக் கருவி என்றே நினைத்து அதற்கான இயக்கியை ஏற்றிவிடும். அந்த இயக்கி இருக்கும்வரை பச்சை எண்கள் நம் மென்பொருளுக்கு வராது. ஆகவே ‘ஸாடிக்’ என்ற சிறு மென்பொருளைக் கொண்டு இயக்கியை மாற்ற வேண்டும். ஸாடிக்கில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொன்னால் கணினியோடு இணைந்திருக்கும் மௌஸ், விசைப்பலகை, புகைப்படக் கருவி என்று எல்லாப் பெயரும் வரும். நான் எழுதியது: “பட்டியலில் உள்ள சாதனத்தைத் தேர்ந்தெடுத்து இயக்கியை மாற்றவும்.” எந்தச் சாதனம்? எப்படித் தெரியும்? தவறானதைத் தேர்ந்தால் என்ன ஆகும்? மூன்றுக்கும் பதில் இல்லை. அவன் முதலில் இருந்த பெயரைத் தேர்ந்தான், அது மௌஸ். அவன் என் வாக்கியத்துக்குக் கீழ்ப்படிந்தான். அதற்காகத் தண்டனையும் அனுபவித்தான்.

நான்கு, மயங்க வைத்தல். பொருள் இதுவா அதுவா என்று குழம்ப வைப்பது. என் தாளில் ‘அலைவரிசை’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. சில இடத்தில் வானொலி நிலையம் என்ற பொருளில். சில இடத்தில் 96.3 போன்ற எண் என்ற பொருளில். ஓரிடத்தில் திரையில் தெரியும் அகலம் என்ற பொருளில். நம் நாட்டுப் பேச்சில் இந்தச் சொல் இப்படிப் பல வேலை செய்கிறது. பேச்சில் அது இடம் பார்த்துப் புரிந்துவிடும். “அலைவரிசையை உள்ளிட்டபின் அலைவரிசையைத் தேர்ந்து அலைவரிசையைச் சரிசெய்க” என்று எழுதினால் யாருக்குப் புரியும்? ‘அதிர்வெண்’ என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. அதிர்வு, எண்: ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை. சொல்லைப் பிரித்தாலே விளக்கம் வந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டுப் பழகிய சொல்லைப் போட்டது என் சோம்பல்.

ஐந்து, சென்று தேய்ந்து இறுதல். ஆரம்பத்தில் ஆரவாரமாகத் தொடங்கிப் போகப்போக இளைத்துப்போவது. முன்னுரைக்கு அரைப்பக்கம் கொடுத்த நான், கடைசிப் படிக்குக் கொடுத்தது ஒரு வரி: “இப்போது நிகழ்ச்சிகளைக் கேட்டு மகிழலாம்.” எங்கே மகிழ்வது? பெருக்கத்தின் அளவு தொடக்கத்தில் சுழியத்தில் இருக்கும். அதைக் கூட்டினால்தான் அலை மேலே எழும். அதைத் தாளில் எங்குமே சொல்லவில்லை. இயக்கியைச் சரியாக மாற்றிய இன்னொரு மாணவிக்கும் அதனால்தான் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது.

ஆறாவதாக ஒன்று, நன்னூலார் காலத்தில் இல்லாத குற்றம். “கருவி கணினியால் அடையாளம் காணப்படுவது உறுதி செய்யப்பட வேண்டும்.” இது எந்த ஊர்த் தமிழ்? ஆங்கில வாக்கியத்தின் மேல் தமிழ்ச் சொற்களை ஒட்டியது. யார் உறுதி செய்வது, எப்படி உறுதி செய்வது என்பது வாக்கியத்துக்குள்ளேயே காணாமல் போய்விட்டது. “கருவியைச் செருகியதும் கணினி ‘டிங்’ என்று ஒலி எழுப்பும், எழுப்பினால் சரி” என்று எழுதியிருந்தால் போதும்.

ஒரு குரல் செய்தி

இனி இந்தத் தாளோடு ஒப்பிட இன்னொரு பனுவல். மௌஸை இழந்த அதே பையன், டச்பேடைக் கொண்டு ‘டிவைஸ் மேனேஜ’ருக்குள் போய், தவறான இயக்கியை நீக்கி, மௌஸைப் பிடுங்கி மறுபடி செருகி உயிர்ப்பித்துவிட்டான். பிறகு தானே வழி கண்டுபிடித்துக் கருவியையும் ஓட வைத்தான். அடுத்து அதை வாங்கிப்போன நண்பனுக்குக் கைப்பேசியில் அனுப்பிய குரல் செய்தியை அவன் அனுமதியோடு எழுதித் தருகிறேன்:

“டேய், டீச்சர் தாள்ல ‘சாதனம்’னு போட்டிருக்கில்ல, அத பாக்காத. ஸாடிக்க தொறந்து வச்சிக்கிட்டு குச்சிய புடுங்கு. லிஸ்ட்ல ஒரு பேரு காணாம போவும். திரும்பக் குத்து, அதே பேரு வரும். அதான் நம்ம சாமான். ரெண்டு வந்துச்சுன்னா கடைசில சைபர் போட்டிருக்கிறத எடு. மத்தது எதையும் தொடாத லா, என் மௌஸ் செத்துப் போச்சு. அப்புறம் இங்க பாரு, இந்தப் பல்சக்கரம் இருக்குல்ல, அத அமுக்கி அத மேல இழு.”

முதல் பாதியைக் கவனியுங்கள். என் தாள் ஒரு பக்கத்தில் செய்ய முடியாததை ஆறு ஏழு வாக்கியத்தில் செய்துவிட்டான். பிடுங்கினால் மறையும் பெயரும் செருகினால் திரும்பும் பெயரும் ஒன்றே என்றால் அதுதான் நம் கருவி. எந்த நிறுவனம் செய்த கருவியானாலும், எந்தக் கணினியானாலும் இந்தச் சோதனை பலிக்கும். செய்ய வேண்டியது என்ன, செய்ததும் என்ன தெரியும், செய்யக்கூடாதது என்ன, ஏன் கூடாது என்ற நான்கும் அதில் உண்டு. இது குன்றக் கூறலும் இல்லை, மிகைபடக் கூறலும் இல்லை.

அப்படியானால் பேச்சுத்தமிழில் எழுதிவிட்டால் தீர்ந்ததா? அவசரப்பட வேண்டாம். கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். “இங்க பாரு”, “இந்தப் பல்சக்கரம்”, “அத அமுக்கி அத மேல இழு”. எங்கே பார்ப்பது? எதை இழுப்பது? சொல்கிறவனும் கேட்கிறவனும் ஒரே திரைக்கு முன்னால் இருந்தால் விரல் காட்டிவிடும். தனியாக இருக்கிறவனுக்கு அந்த ‘அத’ எதுவுமே இல்லை. நண்பன் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு திரும்ப அழைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே எனக்குக் கிடைத்த விடை இது: பேச்சுக்கு விரல் உண்டு, எழுத்துக்கு விரல் இல்லை. ஒவ்வொரு ‘இது’வுக்கும் ‘அது’வுக்கும் பெயர் கொடுப்பதுதான் எழுதுகிறவர் வேலை. என் தாள் பெயரைக் கொடுக்கவில்லை, அலங்காரத்தைக் கொடுத்தது. குறை தமிழில் இல்லை. அதே தாளை மலாயில் அப்படியே மொழிபெயர்த்திருந்தாலும் அவன் மௌஸ் தப்பித்திருக்காது.

வினையெச்சம் செய்யும் வேலை

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். செய்முறை எழுதத் தமிழ் ரொம்பவே வசதியான மொழி. நாம் இலக்கண வகுப்பில் வினையெச்சத்தைப் பட்டியலாகக் கற்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். குரல் செய்தியை மறுபடி பாருங்கள். ‘தொறந்து வச்சிக்கிட்டு’ என்றால் திறந்த நிலையிலேயே அடுத்ததைச் செய் என்று பொருள். ‘வந்துச்சுன்னா’ என்பது நிபந்தனை. எழுத்துத் தமிழில் செருகி, செருகினால், செருகியதும், செருகும்வரை, செருகுவதற்குமுன் என்று ஒரே வினை தன் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு வரிசை, நிபந்தனை, உடனடித்தன்மை, எல்லை, எச்சரிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இதை விட்டுவிட்டுச் “செருகப்படுதல் வேண்டும்” என்று எழுதுவானேன்?

கலைச்சொல் விஷயத்தில் நான் இப்போது கடைப்பிடிக்கும் விதி ஒன்று. கண் தேட வேண்டிய சொல்லைத் திரையில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். மூளைக்குப் புரிய வேண்டியதைத் தமிழில் சொல்ல வேண்டும். திரையில் ‘ரிப்ளேஸ் டிரைவர்’ என்று இருக்கும் பொத்தானை ‘இயக்கி மாற்றீடு’ என்று மட்டும் எழுதினால் மாணவன் இல்லாத பொத்தானைத் தேடுவான். ஆனால் இயக்கி என்றால் என்ன, ஏன் மாற்றுகிறோம் என்பதைத் தமிழில்தான் விளக்க வேண்டும். ‘ஏரியல்’ என்பதை அப்படியே விட்டேன். எந்தத் தோட்டத்து வீட்டிலும் அது புரியும். ‘அதிர்வெண்’ணை விடாமல் வைத்தேன், அது விளக்கத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

திருத்திய தாள்

குறை சொன்னால் மட்டும் போதாது. மாணவர்களோடு சேர்ந்து திருத்தியதை முழுமையாகத் தருகிறேன். திரைச்சொற்களை இங்கே தமிழெழுத்தில் கொடுக்கிறேன். வகுப்பில் கொடுக்கும்போது திரையில் உள்ள எழுத்திலேயே அச்சிடுங்கள். விண்டோஸ் கணினிக்கானது.

1. ஏரியலைக் கருவியோடு பொருத்துங்கள். கருவியைக் கணினியில் இன்னும் செருக வேண்டாம்.

2. ‘ஏர்ஸ்பை’ தளத்திலிருந்து ‘எஸ்டிஆர் ஷார்ப்’ மென்பொருளைப் பதிவிறக்குங்கள். அது சுருக்கிய கோப்பாக வரும். ஒரு புதிய கோப்புறைக்குள் விரித்து வையுங்கள்.

3. அந்தக் கோப்புறையில் ‘இன்ஸ்டால் ஆர்டிஎல்எஸ்டிஆர்’ என்ற கோப்பை இருமுறை சொடுக்குங்கள். கறுப்புச் சாளரம் ஒன்று தோன்றி மறையும். மறைந்தபின் கோப்புறையில் ‘ஸாடிக்’ இருக்க வேண்டும். இல்லையென்றால் இணையத் தொடர்பைப் பார்த்துவிட்டு இதே படியை மறுபடி செய்யுங்கள்.

4. இப்போது கருவியைச் செருகுங்கள். கணினி தானாக ஏதாவது இயக்கியை ஏற்ற முயலும். அது முடியும்வரை காத்திருங்கள்.

5. ஸாடிக்கைத் திறங்கள். மேலே ‘ஆப்ஷன்ஸ்’ என்பதைச் சொடுக்கி, ‘லிஸ்ட் ஆல் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதனங்களின் பெயர்ப்பட்டியல் வரும்.

6. எச்சரிக்கை: தவறான பெயரைத் தேர்ந்தால் உங்கள் மௌஸோ விசைப்பலகையோ நின்றுபோகும். சரியான பெயரைக் கண்டுபிடிக்க, பட்டியலைப் பார்த்துவிட்டுக் கருவியைப் பிடுங்குங்கள். ஒரு பெயர் மறையும். மறுபடி செருகுங்கள், அதே பெயர் திரும்பும். அதுவே நம் கருவி. இரண்டு பெயர்கள் திரும்பினால் ‘இன்டர்பேஸ் 0’ என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள்.

7. பச்சை அம்புக்குறிக்கு வலப்பக்கத்தில் ‘வின்யுஎஸ்பி’ என்று இருக்க வேண்டும். இருந்தால் கீழேயுள்ள பெரிய பொத்தானை அழுத்துங்கள். அதில் ‘ரிப்ளேஸ் டிரைவர்’ அல்லது ‘இன்ஸ்டால் டிரைவர்’ என்று எழுதியிருக்கும். வெற்றி என்ற செய்தி வந்ததும் ஸாடிக்கை மூடுங்கள்.

8. எஸ்டிஆர் ஷார்ப்பைத் திறங்கள். ‘சோர்ஸ்’ என்ற இடத்தில் ‘ஆர்டிஎல்-எஸ்டிஆர் யுஎஸ்பி’ என்பதைத் தேர்ந்து, முக்கோணப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் கோடு அசையத் தொடங்கும். அசையவில்லையென்றால் 6ஆம் படிக்குத் திரும்புங்கள்.

9. ‘டபிள்யூஎப்எம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே உங்கள் வட்டார மின்னல் எப்.எம். அதிர்வெண்ணை இடுங்கள்.

10. பல்சக்கரப் படத்தைச் சொடுக்குங்கள். ‘ஆர்எப் கெயின்’ என்ற நகர்த்தி சுழியத்தில் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மலைபோன்ற மேடு உயர்ந்து ஒலி தெளிவாகும். அடியில் உள்ள இரைச்சல் கோடும் சேர்ந்து உயரத் தொடங்கினால் அதற்குமுன் இருந்த அளவிலேயே நிறுத்துங்கள்.

இதிலும் குறை உண்டு. “கொஞ்சம் கொஞ்சமாகன்னா எவ்வளவு டீச்சர்?” என்று படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. ‘ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி நகர்த்தி, ஐந்து விநாடி கேட்டுப் பாருங்கள்’ என்று அடுத்த பதிப்பில் மாற்றப் போகிறேன்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு: கருவி கிடைக்காவிட்டாலும் பாடம் நடத்தலாம். இரண்டு மாணவர்களை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவர் ஒரு படத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். ‘இது’, ‘அது’, ‘இங்கே’, ‘அங்கே’ நான்கும் தடை. பத்து நிமிடத்தில் சுட்டுச்சொல்லின் அருமையும் ஆபத்தும் புரிந்துவிடும். கருவி இருந்தால் பௌதிக ஆசிரியரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாசின் வட்டாரத்தில் கிழக்கே பார்த்தால் குனோங் லேடாங் தெரியும். 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த மலையிலிருந்துதான் மலாக்காவுக்கும் வட ஜொகூருக்கும் பண்பலை ஒலிபரப்பு வருகிறது. உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலை நேராக எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்: சுமார் 147. ஏன் மலையுச்சியில் கோபுரம் வைக்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கை வைத்து ஒரு பத்தியில் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு கட்டுப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தக் கருவிக்குப் பொது ஒலிபரப்பு மட்டுமல்ல, வேறு பலவும் கேட்கும். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு பிறருடைய தகவல் தொடர்பை இடைமறிப்பதைத் தடை செய்கிறது. பொதுமக்களுக்கான வானொலி நிலையங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு: எந்த விளக்கக் கட்டுரையை எழுதி முடித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் பத்தியை வெட்டினால் ஏதாவது குறைகிறதா? குறையவில்லையென்றால் வெட்டுங்கள். ஒரே சொல்லை இரண்டு பொருளில் போட்டிருக்கிறேனா? போட்டிருந்தால் ஒன்றை மாற்றுங்கள். கடைசிப் பத்தி தொடக்கத்தைவிட இளைத்திருக்கிறதா? இளைத்திருந்தால் முக்கியமான ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

திருத்திய தாளை அந்தப் பையனிடமே முதலில் கொடுத்தேன். ஆறாம் படி அவனுடையது என்று தாளின் அடியில் அவன் பெயரையும் போட்டிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “இப்ப ஓக்கே டீச்சர். ஆனா என் படிதான் ரொம்ப நீளமா இருக்கு, வெட்டணும்” என்றான். எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்கிறானா என்று இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் இந்தத் தாளை உங்கள் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். எந்தப் படியில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் படியைத்தான் அடுத்துத் திருத்த வேண்டும்.